வட்டம் எந்த அணி?

எங்கள் பகுதியில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'வட்டம்'. வட்டச் செயலாளர் என்றால் வட்டம், பகுதிச் செயலாளர் என்றால் பகுதி, மாவட்டச் செயலாளர் என்றால் மாவட்டம். "மாவட்டம் உள்ளே சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, பகுதி கை கழுவுறாரு, வட்டம் வாசல்ல நிக்கிறாரு" என்று மதுரையில் யாராவது சொன்னால் பூகோளப் பாடம் நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கட்சி எப்படி இயங்குகிறது என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள்.

வட்டத்துக்கு அறுபது வயது நெருங்குகிறது. கரை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டைத் துணி மெல்லியதாகத்தான் எடுப்பார். பாக்கெட்டில் இருக்கும் தலைவர் படம் வெளியே தெரிய வேண்டும் அல்லவா? உற்றுப் பார்த்தால் உள்ளே ஒரு படம் இல்லை, இரண்டு மூன்று இருக்கும். முன்னால் நிற்கும் படம் அவ்வப்போது மாறும். மாறியதும் பழைய படத்தைத் தூர எறிந்துவிடும் ஆள் அவர் இல்லை. அதுவும் பாக்கெட்டிலேயே பின்வரிசையில் காத்திருக்கும். "எதுக்குண்ணே அவசரப்படணும்? நாளைக்கே ரெண்டு பேரும் சேர்ந்துட்டா?" என்பார்.

அவருக்கு எதிர்க்கட்சியோடு பகை கிடையாது. எதிர்க்கட்சிக் கவுன்சிலர் அவருக்கு மைத்துனன் முறை. தேர்தல் நேரத்தில் மேடையில் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்வார்கள், இறங்கி வந்து ஒரே கடையில் டீ குடிப்பார்கள். பகை எல்லாம் சொந்தக் கட்சிக்காரனோடுதான். அதுவும் அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் முன்னாள் வட்டத்தோடு. தலைவர் பிறந்தநாள் வந்தால் ஒரே தெருவில் இரண்டு பந்தல், இரண்டு ஒலிபெருக்கி, இரண்டு அன்னதானம். அந்தப் பந்தலில் தக்காளி சாதம் என்று உளவு வந்தால் இந்தப் பந்தலில் உடனே பிரியாணி அண்டா ஏறும். ஏரியா ஜனம் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து எழும். கோஷ்டிப் பூசலால் மக்களுக்கு ஒரு நன்மையும் இல்லை என்று எழுதுகிறவர்கள் அந்தப் பந்தியில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

டீக்கடையில் இவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஒரு கதர்ச்சட்டைப் பெரியவர் வருவார். 1969இல் காங்கிரஸ் உடைந்தபோது இளவட்டமாக இருந்தவர். காமராஜர் பக்கம் நின்று இரட்டைக் காளையிலிருந்து ராட்டைக்குப் போய், பிறகு கைக்கு வந்து, 1996இல் மூப்பனாரோடு சைக்கிள் ஏறி, 2002இல் மறுபடியும் கைக்கே இறங்கியவர். உட்கட்சிச் சண்டை என்பது தங்கள் கட்சிக்கே உரிய பரம்பரைக் கலை என்றும், மற்றவர்கள் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள் என்றும் அவருக்கு ஒரு கர்வம். "சத்தியமூர்த்தி பவன்ல வேட்டி கிழியாத கூட்டத்த நாங்க கூட்டம்னே ஒத்துக்கிட மாட்டோம் தம்பி" என்பார். வட்டம் மறுபேச்சுப் பேச மாட்டார். மூத்த வித்வானுக்கு உரிய மரியாதை அது.

வட்டத்தின் அரங்கேற்றம் 1988இல். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. பத்து நாள் துக்கம் முடிவதற்குள் அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டாகி, ஜானகி முதல்வராகி, சட்டமன்றத்துக்குள் அடிதடி நடந்து, போலீஸ் புகுந்து, ஜனவரி 30இல் ஆட்சியே கலைந்தது. இரட்டை இலை முடங்கியது. 1989 தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். வட்டத்தின் அப்பா புறா, இவர் சேவல். ஒரே வீட்டில் முன்வாசலில் ஒரு கொடி, பின்வாசலில் ஒரு கொடி. அம்மா மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே குழம்பை ஊற்றினார். சேவல் 27 இடங்களில் வென்றது, ஆண்டிபட்டியில் ஜானகியே தோற்றார், சில வாரங்களில் இரண்டு அணியும் ஒன்றாகி இலை திரும்பக் கிடைத்தது. மதுரை கிழக்கு இடைத்தேர்தலில் அந்த இலைக்கு அப்பாவும் மகனும் சேர்ந்தே சுவரில் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆனால் பொறுப்பு மகனுக்குத்தான் கிடைத்தது. பிரியும்போது எங்கே நின்றோம் என்று யாரும் கேட்பதில்லை, சேரும்போது யார் பட்டியலில் பெயர் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள் என்பதை அந்த வயதிலேயே அவர் கற்றுக்கொண்டார். அரசியல் விஞ்ஞானத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு இது லேசில் புரியாது.

இப்படிப்பட்ட மனிதரையும் கதிகலங்க வைத்த ஒரு வாரம் உண்டு. 2017 ஜனவரி, ஜல்லிக்கட்டுப் போராட்டம். அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் பிள்ளைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள். வைகைப் பாலத்தின்மேல் ரயிலை மறித்துவிட்டார்கள். இவ்வளவு கூட்டத்தை வட்டம் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதிலும் வேன் அனுப்பாமல், தலைக்கு இவ்வளவு என்று பேசாமல், குவார்ட்டர் இல்லாமல், தானாக வந்த கூட்டம்! ஒரு கட்டுத் துண்டோடும் நாலு பேரோடும் போய்ப் பார்த்தார். "அண்ணே, கட்சி வேட்டியோட உள்ள வராதீங்க" என்று ஒரு கல்லூரிப் பையன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டான். அப்படிக் கும்பிட்டுச் சொன்னதுதான் அவருக்கு வலித்தது. அடித்து விரட்டியிருந்தால் மருத்துவமனையில் படுத்து ஒரு புகைப்படமாவது எடுத்திருக்கலாம். ஜனவரி 22இல் வாடிவாசலைத் திறந்துவைக்க வந்த முதல்வர் ஓ. பன்னீர்செல்வமே மக்கள் எதிர்ப்பால் அலங்காநல்லூருக்குள் போக முடியாமல் திரும்பினார் என்றதும்தான் வட்டத்துக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்த வாரம் முழுவதும் டீக்கடையில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இதுக்கு யாருண்ணே பொறுப்பு? யார் மாவட்டம்? யார் பகுதி? பேச்சுவார்த்தைன்னா யாரக் கூப்பிடுவாக?" தலைவன் இல்லாத கூட்டம் என்பதை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. கூட்டத்தில் இரண்டு கோஷ்டி இருந்தாலாவது ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பார். அந்த ஒரு வாரத்தில் அவர் தன்னை வேலை போன ஆளாகவே நினைத்துக்கொண்டார்.

நல்லவேளை, பிப்ரவரி 7 வந்தது. பன்னீர்செல்வம் கட்சித் தலைமையை எதிர்த்து மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் வட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. இது தெரிந்த வித்தை, 1988இல் பார்த்த அதே படம், நடிகர்கள்தான் வேறு. எதிர்த்தரப்பு எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் சொகுசு விடுதிக்குப் போனார்கள். வட்டம் டீக்கடை பெஞ்சிலேயே முகாம் போட்டார். ஒரு போனில் பன்னீர்செல்வத்தின் தர்மயுத்தத்துக்கு வாழ்த்து, இன்னொரு போனில் கூவத்தூருக்கு விசுவாசம். சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று வென்ற மாலையில், இரண்டாவது போனுக்கு மட்டும் அவசரமாக ரீசார்ஜ் செய்தார்.

இலை மறுபடியும் முடங்கியது. ஒரு அணிக்குத் தொப்பி, ஒரு அணிக்கு மின்கம்பம். தேர்தல் ஆணையத்துக்கு உறுப்பினர்கள் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று இரு தரப்பும் கட்டுக்கட்டாகத் தாள் அனுப்பின. வட்டம் இரண்டு கட்டையும் வாங்கி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றில் தமிழில், ஒன்றில் இங்கிலீஷில். "பொய் சொல்லலையே, ரெண்டு கட்சிக்கும் நான் உண்மையான தொண்டன்தானே?" ஆகஸ்ட் 21இல் இரண்டு அணியும் இணைந்தபோது முதல் பட்டாசு அவர் வீட்டு வாசலில்தான் வெடித்தது. டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில், இணைப்பில் சேராத டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் ஜெயித்ததும் லேசாக ஒரு சபலம். அடுத்த மார்ச்சில் மேலூரில் தினகரன் புதுக்கட்சி தொடங்கிய கூட்டத்தில் அவரைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். "சும்மா கூட்டம் எப்படி இருக்குன்னு பார்க்கப் போனேன்" என்பது அவருடைய விளக்கம். சும்மா பார்க்கப் போனவர் ஏன் முன்வரிசையில் இருந்தார் என்று கேட்டால், பின்வரிசையிலிருந்து கூட்டம் தெரியாதாம்.

2022இல் வந்தது பெரிய சோதனை. ஜூன் மாதம் வானகரம் பொதுக்குழுவில் பன்னீர்செல்வத்தின் மீது தண்ணீர் பாட்டில் பறந்தது. ஜூலை 11இல் அங்கே பொதுக்குழு நடக்க, இங்கே ராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்தில் கல்வீச்சு. பழனிசாமி தரப்பு பன்னீர்செல்வத்தை நீக்க, பன்னீர்செல்வம் பழனிசாமியை நீக்கியதாக அறிவிக்க, அந்த வேகம் கீழே வரை வந்து எங்கள் வட்டத்தையும் தொட்டது. ஒரு தரப்பு அவரைக் கட்டம் கட்டிவிட்டது. அதாவது, அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்பட எல்லாவற்றிலிருந்தும் நீக்கம், கட்சியினர் யாரும் அவரோடு எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் மனைவி மகளிரணியில் இருக்கிறார். அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, "நானும் கட்சிக்காரிதானே, இவருக்குச் சோறு போடலாமா கூடாதான்னு பகுதிக்கு ஒரு போனப் போட்டுக் கேளுங்க" என்று மகனிடம் சொன்னார். பகுதிச் செயலாளர் போனை எடுக்கவில்லை. சோறு போடுவது நிலுவையில் நின்றது. மதியம் வட்டம் முன்னாள் வட்டத்தின் வீட்டில் சாப்பிட்டார். அவரையும் அதே அறிக்கையில் நீக்கியிருந்தார்கள்.

கட்டம் கட்டியதில் அவருக்கு வருத்தம் என்று நினைக்க வேண்டாம். பத்திரிகையில் பெயர் வந்துவிட்டது. நீக்குகிற அளவுக்குப் பெரிய ஆளா இவர் என்று பக்கத்து வட்டங்கள் பொறாமைப்பட்டன. எதிரணியிலிருந்து அன்று மாலையே பொன்னாடை வந்தது.

மகள் கல்யாணத்தில்தான் மனிதர் உண்மையிலேயே திணறினார். பத்திரிகையில் 'தலைமை' என்று யாரைப் போடுவது, 'முன்னிலை' என்று யாரை? ஒரு தலைவர் பெயர் இருந்தால் இன்னொருவர் வர மாட்டார். வராவிட்டால் மொய் போகும். மொய்கூடப் போகட்டும், வராத தலைவர் நாளைக்கு ஜெயித்துவிட்டால்? கடைசியில் பத்திரிகையை இரண்டு விதமாக அடித்தார். முகூர்த்தம் ஒரு அணிக்கு, மாலை வரவேற்பு இன்னொரு அணிக்கு. மண்டப வாசல் ஃபிளெக்ஸ் மதியம் மூன்று மணிக்கு மாறியது. மாற்ற வந்த பையன் அவசரத்தில் தலைவர் முகத்தை மட்டும் வெட்டி ஒட்ட, மாலையில் வந்தவர்கள் ஒருவரின் உடம்பில் இன்னொருவரின் தலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிவகாசிக்காரர்கள், எந்தக் கட்சியிலும் இல்லாதவர்கள். இந்தச் சம்பந்தம் சரிதானா என்று தாலி ஏறிய பிறகு யோசித்திருக்கிறார்கள்.

சிரித்தபடி எழுதிவிட முடியாத ஒரு சம்பவமும் இந்த ஊர்க் கணக்கில் இருக்கிறது. 2007 மே 9. அன்றைக்கு ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வில் கருணாநிதிக்கு அடுத்து யார் என்று ஒரு கருத்துக்கணிப்பு வெளியானதற்காக மதுரையில் 'தினகரன்' நாளிதழ் அலுவலகத்தை எரித்தார்கள். மூன்று ஊழியர்கள் செத்துப்போனார்கள். அவர்கள் எந்த அணியும் இல்லை, அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள். கீழ்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அது வட்டத்தின் கட்சி விவகாரம் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு வந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

சென்ற கோடையில் எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையை மறித்தார்கள். பத்து நிமிடத்தில் வட்டம் வந்தார், பின்னாலேயே முன்னாள் வட்டமும் வந்தார். மைக்கை யார் பிடிப்பது என்பதில் தகராறு. பெண்கள் தண்ணீர் லாரி கேட்டுக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் போராட்டத்தின் தலைமையைக் கேட்டு இன்ஸ்பெக்டரிடம் முறையிட்டார்கள். இன்ஸ்பெக்டர் இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் இறக்கி, மாலையில் விட்டுவிட்டார். அன்றிரவு 'மக்களுக்காகச் சிறை சென்ற' என்று இரண்டு போஸ்டர்கள் ஒரே சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. லாரி வந்தது மறுநாள் காலையில், அதுவும் பெண்கள் மாநகராட்சி உதவிப் பொறியாளரைத் தேடிப் போய்ச் சத்தம் போட்டதால்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் உங்கள் வாசலிலும் ஒரு வட்டம் வந்து நிற்பார். எந்த அணி என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள், பொழுது போய்விடும். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று கேளுங்கள். சீக்கிரம் கிளம்பிவிடுவார்.