மடிக்கணினி மெய்க்கீர்த்தி: புதுச்சேரி மாணவர் கொள்முதல் மரபு பற்றி ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை கிழக்கே வங்கக்கடல், மேற்கே திருபுவனை, வடக்கே காலாப்பட்டு, தெற்கே மாணவரின் தகப்பனாருடைய சம்பளம். காலம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள் முதல் கல்லூரியில் முதல் அசைன்மென்ட் கேட்கும் நாள் வரை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிள்ளைக்குப் பையும் தாங்கி, தோளும் தாங்கக்கூடிய மடிக்கணினி எது என்பதே ஆய்வு வினா. இத்துறையில் முன்னோடி ஆய்வுகளுக்குக் குறைவில்லை. அனைத்தும் வாய்மொழி மரபைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை சித்தப்பாக்களால் நிகழ்த்தப்பட்டவை.

வரலாற்றுப் பின்னணி முதலில். விழுப்புரம் சாலையில் திருபுவனைப் பெருமாள் கோயிலில் முதலாம் இராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆண்டு 1048. அவ்வூர்க் கல்லூரியில் 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். படியாக அளந்தது நெல். வேதமும் இலக்கணமும் மனப்பாடமாக இருந்த காலம் அது. சேமிப்பகம் தோளுக்கு மேலே இருந்ததால் தோளில் சுமை இல்லை. சார்ஜ் இறங்கினால் ஒரு கவளம் சோறு போதும்.

அதே திருபுவனையில்தான் இன்று லெனோவோ நிறுவனத்தின் கணினித் தொழிற்சாலை இருக்கிறது. எச்சிஎல், விப்ரோ, ஏசர் ஆகியோரும் வரிச்சலுகையை நாடிப் புதுச்சேரிக்கு வந்து கணினி பொருத்தித் தந்தவர்களே. 2024 செப்டம்பரில் லெனோவோ, செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களை ஆண்டுக்கு 50,000 வீதம் இங்கேயே தயாரிக்கப் போவதாக அறிவித்தது. இதிலிருந்து ‘ஊரில் செய்வது ஊரில் மலிவாகக் கிடைக்கும்’ என்ற கருதுகோள் பிறக்கிறது. நெய்வேலிக்காரருக்குக் கரண்ட் பில் வராது என்று நம்புவது போன்றது இது.

‘பாண்டியில் வாங்கினால் சல்லிசு’ என்ற துணைக் கருதுகோளுக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து அதை முடித்து வைத்தது. மடிக்கணினிக்கு 18 விழுக்காடு. கடலூரிலும் அதே, காரைக்காலிலும் அதே. பெட்ரோலும் மதுவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நின்றுவிட்டதால் நம் ஊரின் பழம்பெருமை அவ்விரண்டில் மட்டும் பிழைத்திருக்கிறது. அவற்றில் எதை ஊற்றினாலும் மடிக்கணினி ஓடாது என்பதைச் சோதனை இல்லாமலே ஏற்கலாம்.

இனி மூலபாடம். மடிக்கணினியின் கை வைக்கும் இடத்தில் வண்ண வண்ணமாய் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களை ஆய்வாளர், மன்னன் புகழைக் கல்வெட்டின் முகப்பில் அடுக்கும் மெய்க்கீர்த்தி வகையில் சேர்க்கிறார். சோழன் வென்ற நாடுகளின் பட்டியலில் எவை ஆண்டவை, எவை எட்டிப் பார்த்தவை என்று பிரித்தறிவது வரலாற்றாசிரியர் வேலை. இங்கும் அதேதான். ‘512 ஜிபி’ என்கிறது மெய்க்கீர்த்தி. வீட்டில் திறந்து பார்த்தால் 476. யாரும் திருடவில்லை. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. ‘10 மணி நேர பேட்டரி’ என்பது கடாரம் கொண்டான் பட்டத்தை ஒத்தது. பொடி எழுத்தில் 42 வாட்-மணி என்று போட்டிருப்பார்கள். சாதாரண எழுத்து வேலைக்கு 8 முதல் 10 வாட் செலவாகும். வகுத்துப் பார்த்தால் நாலரை மணி நேரம் தேறும். மதியச் சாப்பாடு வரை.

ப்ராசசர் பெயரில் ஐ3, ஐ5 என்னும் எண்ணில் மயங்குவோர் பலர். பல மாடல்களில் பெயரின் கடைசியில் நிற்கும் எழுத்தையும் பார்க்க வேண்டும். ‘யூ’ விகுதி பெற்றது கொஞ்சமாக மின்சாரம் குடித்து அடக்கமாக ஓடும். ‘எச்’ விகுதி பெற்றது வேகமானது; சூடாகும், பெரிய விசிறி கேட்கும், பெரிய சார்ஜர் கேட்கும். பகுதியை விட விகுதிதான் தோளைத் தீர்மானிக்கிறது என்பது இவ்வாய்வின் சிறு பங்களிப்பு.

கொள்முதலைத் தீர்மானிப்பது மாணவர் அல்லர்; மூன்று சிந்தனைப் பள்ளிகள். ‘ஒரே தடவைதான் வாங்கறோம், பெருசா வாங்கிடு’ என்பது பெரியப்பா பள்ளி. மடிக்கணினியை அது பீரோவோடு வைத்துப் பேசும். ‘கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம வேஸ்ட்டுடா’ என்பது பக்கத்து வீட்டு அண்ணன் பள்ளி. பி.காம். சேர்ந்த தம்பிக்கும் அதே தீர்ப்புதான். பேரேட்டை முப்பரிமாணத்தில் பார்க்கும் தேவை எப்போது வரும் என்று அண்ணன் விளக்குவதில்லை.

மூன்றாவது பள்ளி இம்மண்ணுக்கே உரியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு நடந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே உண்டு. அக்குடும்பங்களின் மாமாக்கள் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும்போது அக்கா பிள்ளைக்கு மடிக்கணினி கொண்டு வருவார்கள். அன்பில் குறையில்லை. விசைப்பலகையில் கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். எம் ஓரமாய் ஒதுங்கியிருக்கும். ஓர் எண்ணை அடிக்க ஷிஃப்டைப் பிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் தேர்வுக் கட்டணப் படிவம் நிரப்ப முயன்ற மாணவர், இணைப்பின் சட்டச் சிக்கல்கள் எல்லாவற்றையும் அந்த ஒரே மாலையில் உணர்ந்துகொள்வார். (விண்டோஸ் அமைப்பில் விசைப்பலகையை மாற்றிக்கொள்ளலாம். எழுத்துகள் சரியாக விழும். விசையில் அச்சிட்டது மட்டும் பாரிஸிலேயே இருக்கும்.)

நேரு வீதிக் கடைகளில் வழக்கமாகக் கேட்கும் உரையாடல் இவ்வடிவினது:

“இதுல எது தம்பி நாலு வருஷம் தாங்கும்?”

“எல்லாமே தாங்கும் சார். இது ஐ5.”

“அது?”

“அது ஐ3 சார்.”

“ரெண்டு கம்மியா?”

“ஆமாம் சார்.”

அதுவரை பேசாமல் நின்ற அம்மா கேட்பார்: “இது என்னா வெயிட்டு வரும், தம்பி?” கடையில் அமைதி நிலவும். துறையின் ஆதாரக் கேள்வி அதுதான். முன்னோடி ஆய்வாளர் எவரும் அதைக் கேட்டதில்லை, ஏனெனில் எவரும் சுமக்கப் போவதில்லை.

சுமப்பவர் பாதையைப் பாருங்கள். 1985-இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, காலாப்பட்டில். முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் தாண்டிக் காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. ஆக, போக வர ஒரு நாளில் நான்கு முறை மாநில எல்லையைக் கடக்கிறது அந்தப் பை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் எல்லையில் சுங்கக்காரர்கள் நின்றார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் மாணவர் நிற்கிறார். பெரியப்பா பள்ளியின் 15.6 அங்குலம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அண்ணன் பள்ளியின் விளையாட்டு மடிக்கணினி, செங்கல் போன்ற அதன் சார்ஜரையும் சேர்த்தால் மூன்று கிலோவைத் தொடும். பள்ளிப் பிள்ளையின் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை. கல்லூரிக்குப் போனதும் தோள் வளர்ந்துவிடும் என்பது அரசின் துணிபு போலும். 1981-இல் ‘எடுத்துச் செல்லத்தக்கது’ என்று விற்ற ஆஸ்போர்ன் 1 கணினி 11 கிலோ; பேட்டரியும் இல்லை. மெய்க்கீர்த்தி மரபு அங்கும் இருந்திருக்கிறது.

பழைய மடிக்கணினி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல் ப்ராசசர் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதற்கு முந்தியதைப் பதினைந்தாயிரத்துக்குத் தருகிறார்கள் என்றால் லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர் மட்டும் வாங்கலாம். பலவற்றில் பேட்டரியைக் கழற்றிப் பார்க்க முடியாது. கடையிலேயே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். டீ சாப்பிட்டுவிட்டு வரலாம். சார்ஜர் துளையில் பச்சை பூத்திருந்தால் அது கடற்காற்றில் வளர்ந்த பிள்ளை, விட்டுவிடுங்கள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே உட்கார்ந்து படிக்கும் கனவையும் அங்கேயே விட்டுவிடலாம்: மலிவு மடிக்கணினிகளின் 250 நிட்ஸ் திரையில் பகல் வெளிச்சத்தில் உங்கள் முகம்தான் தெரியும்.

தீர்ப்பு இது. 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள், எஸ்.எஸ்.டி. 512, ரேம் 16 ஜிபி, அல்லது பிறகு கூட்டிக்கொள்ள இடம் விட்ட 8. விண்டோஸ் 11-க்கு 4 போதும் என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள், அதுவும் மெய்க்கீர்த்தியே. பொறியியல் வரைபடமும் வீடியோவும் படிக்காதவருக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். மிஞ்சும் பணத்தில் பேருந்துப் பாஸ் எடுக்கலாம்.

கடைக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள். சார்ஜரையும் சேர்த்து எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தராசு இல்லை என்று கடைக்காரர் சொன்னால் கவலை வேண்டாம். நேரு வீதியை ஒட்டியே பெரிய மார்க்கெட் இருக்கிறது.