நீல அட்டை வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: விதைச்சான்று உதவி இயக்குநர் அவர்கள், தஞ்சாவூர்.
பொருள்: கிராபிக்ஸ் கார்டுகளையும் தங்கள் துறையின் கீழ்க் கொண்டுவந்து, பெட்டிதோறும் நீல அட்டை தைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.
பார்வை: விதைகள் சட்டம், 1966.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் துறை நெல்லுக்கும் உளுந்துக்கும் சான்று கொடுக்கும் துறை என்பது தெரிந்தேதான் இந்த விண்ணப்பம். கணினிக்குள் செருகும் கிராபிக்ஸ் கார்டு முளைக்காது, தூர் கட்டாது, கதிர் விடாது. ஆனாலும், கைப்பணம் குறைந்தவர் நம்பி வாங்கும் பொருளுக்கு உள்ளே இருப்பதை வெளியே எழுதியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் தங்களிடம்தான் இருக்கிறது. சான்று விதை மூட்டையின் வாயில் தைத்த நீல அட்டையைப் பார்த்தால் பயிர், ரகம், குவியல் எண், சோதித்த நாள், எந்த நாள் வரை செல்லும் என்பதெல்லாம் தெரிகிறது. நெல் என்றால் நூற்றுக்கு 80 முளைக்க வேண்டும், புறத்தூய்மை 98 சதவீதம் இருக்க வேண்டும் என்று அளவும் வைத்திருக்கிறீர்கள். கிலோ சில பத்து ரூபாய் பெறும் விதைநெல்லுக்கு இவ்வளவு மரியாதை. பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் கிராபிக்ஸ் கார்டின் பெட்டியிலோ அதிகபட்ச விலையும், இறக்குமதி செய்தவரின் முகவரியும், தயாரான நாட்டின் பெயரும் சட்டத்துக்குப் பயந்து ஓர் ஓரமாக இருக்கும். மீதி இடம் முழுக்க வாளோடு ஒரு வேற்றுக்கிரகப் போர்வீரன் நிற்பான். வயலில் காலைப் பிடிக்கும் அட்டை உப்பைத் தூவினால் உதிர்ந்துவிடும். கடையில் பையைப் பிடிக்கும் இந்தக் கிராபிக்ஸ் அட்டை, பில்லைக் காட்டினாலும் உதிர்வதில்லை.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ஆடுதுறை 43 என்றால் சுமார் 110 நாள், சன்ன அரிசி, குறுவைக்கு ஆகும் என்று எண்ணைக் கேட்டதுமே டெல்டாவில் தெரிந்துவிடும். நீண்ட நாள் சம்பா ரகமான சிஆர் 1009-இல், வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் மரபணுவைச் சேர்த்தபோது விஞ்ஞானிகள் அதைப் பழைய பெயரில் விடவில்லை. வாலில் ‘சப் 1’ என்று சேர்த்துத் தனி ரகமாக வெளியிட்டார்கள். நல்லதைச் சேர்த்ததற்கே பெயரை மாற்றினார்கள். கிராபிக்ஸ் கார்டு உலகில் நல்லதை எடுத்தாலும் பெயர் மாறுவதில்லை. என்விடியா 2017-இல் ஜிடி 1030 என்ற சிறிய கார்டை வெளியிட்டது. அதன் நினைவகம் நொடிக்கு 48 ஜிகாபைட் கொண்டுபோகும். அடுத்த ஆண்டே அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. அது நொடிக்கு 16.8 ஜிகாபைட். வாய்க்கால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது, பெயர்ப்பலகை அப்படியே நின்றது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 எட்டு ஜிபி. 2024-இல் வந்தது ஆறு ஜிபி. பெயரைப் பார்த்தால் இரண்டு ஜிபி மட்டும் குறைந்ததாகத் தோன்றும். உண்மையில் கணக்குப் போடும் கோர்களும் 2560-லிருந்து 2304 ஆகிவிட்டன, நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட் ஆகிவிட்டது. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று நம் பாட்டிகள் கேட்டார்கள். முளைக்கும், வாரண்டியும் உண்டு என்கிறது இந்தத் தொழில்.

அடுத்தது, எந்த மண்ணுக்கு எந்த ரகம் என்பது. சம்பாவுக்கு உரிய ரகத்தைக் குறுவையில் போடாதே என்று தங்கள் வேளாண் சகாக்கள் சொல்லாத ஆண்டு இல்லை. பழைய கணினியும் ஒரு கடைமடை வயல்தான். கல்லணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும், பேராவூரணிப் பக்கத்து வயலுக்குக் கால்வாயும் கிளை வாய்க்காலும் கொண்டுவருவதுதான் கணக்கு. ஏஎம்டி 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு மதர்போர்டோடு பேச நான்கே தடங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள புதுக் கணினியில் அந்த நான்கு தடத்தில் நொடிக்குச் சுமார் 8 ஜிகாபைட் ஓடும்; 3.0 உள்ள பழைய கணினியில் 4, அதற்கும் முந்தைய 2.0-வில் 2. விலை குறைந்த கார்டை வாங்குபவர் பெரும்பாலும் பழைய கணினிக்காரர்; அந்தக் கார்டு முழுதாக வேலை செய்வதோ புதுக் கணினியில். போதாததற்கு, அதில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் வன்பொருள் என்கோடரே கிடையாது. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரருக்கு, இது கதிர் அறுக்கும் நேரத்தில் அரிவாள் இல்லாத கதை. இன்டெல்லின் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்லவை. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் தடுமாறும், பழைய போர்டுகளில் பலவற்றுக்கு அது இல்லை. மின்சாரப் பிரச்சினையும் உண்டு. மதர்போர்டின் செருகுவாய் தருவது அதிகபட்சம் 75 வாட். அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராண்டட் கணினிகளில் பலவற்றின் பவர் சப்ளை 300 வாட்டைத் தொடாது, கார்டுக்கென்று தனி வயரும் இருக்காது. இத்தனையும் பெட்டிக்குள் இருக்கும் பொருளின் குணம். பெட்டிக்கு வெளியே பெரிய எழுத்தில் இருப்பதோ ‘கேமிங்’ என்ற ஒரே சொல்.

மூன்றாவது, காலாவதி. சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம் என்று விதைக்கு நாள் குறிக்கிறீர்கள். கார்டுக்கு உயிர் டிரைவர் மென்பொருள். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, தனி வயர் கேட்காத நல்ல ஏழைப் பங்காளன். அதன் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் புதுப்பிப்பு 2025 அக்டோபரோடு நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்தது. அதே 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. நாள் குறித்ததில் குற்றம் இல்லை. குறித்த நாளை வாங்குபவர் பார்க்கும் இடத்தில் எழுதாததுதான் குற்றம்.

இதற்கு வரும் ஆட்சேபங்களையும் நேர்மையாக வைக்கிறேன். முழு விவரமும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கிறதே என்பார்கள். நெல்லின் விவரமும் ஆடுதுறையில் இருக்கிறது. அதற்காக மூட்டையில் அட்டை தைக்காமல் விட்டோமா? இன்னும் சிலர், விளையாட்டுச் சாமானுக்கு அரசு முத்திரையா என்பார்கள். கல்யாண ஆல்பமும், குறும்படமும், முப்பரிமாண வரைபடமும் இந்தக் கார்டில்தான் ஓடுகின்றன. அப்படி இல்லாமல் வெறும் விளையாட்டே ஆனாலும், கொடுத்த காசு விளையாட்டுக் காசு அல்ல. பழசைத் தூக்கிப்போட்டுப் புதுக் கணினி வாங்கலாமே என்பது இன்னொரு யோசனை. விளைச்சல் குறைந்தால் வயலையே மாற்று என்பது போன்றது இது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதில் 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, அந்த யோசனை சொல்கிறவரே பணத்தையும் தரலாம். ஒரே ஒரு ஆட்சேபத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: பல பழைய கணினிகளுக்கு கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. முன்னேர் போன வழியேதான் பின்னேர் போகும். பிராசசர் தவழ்ந்தால் கார்டு பறக்காது. பில் போடவும் படம் பார்க்கவும் மட்டும் என்றால், எஸ்எஸ்டி போட்டு வாய்க்காலைத் தூர் வாரினாலே போதும். ஆனால் இதைச் சொல்லவும் ஓர் அட்டை வேண்டுமல்லவா? ‘இந்த ரகம் தங்கள் வயலுக்கு ஆகாது’ என்று எந்தப் பெட்டியும் தானாகச் சொன்னதில்லை.

போலி விதைக்காரரைப் பிடிக்கத் தங்களிடம் ஆய்வாளர்கள் உண்டு. இங்கே, பல தலைமுறை பழைய சில்லின் பயாஸ் என்ற உள்மென்பொருளைத் திருத்தி எழுதி, அதை 1050 டிஐ என்று கணினியையே நம்பவைத்து விற்றார்கள். கண்டுபிடித்துச் சொன்னது அரசு அல்ல. 2018-இல் இலவச மென்பொருளான ஜிபியு-இசட் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. ஆகவே பெட்டியின் மேல் ஏழே வரி கொண்ட நீல அட்டை ஒன்றைப் பரிந்துரைக்கிறேன்: எத்தனை வாட், தனி வயர் வேண்டுமா, எத்தனை தடம், நினைவகம் எந்த வகை, எவ்வளவு வேகம், எந்த ஆண்டு மதர்போர்டு வரை பொருந்தும், டிரைவர் எந்த நாள் வரை. அட்டைக்கும் நூலுக்கும் ஆகும் செலவை, அந்தப் போர்வீரனின் வாளைக் கொஞ்சம் குட்டையாக்கி ஈடுகட்டலாம்.

தங்கள் எல்லைக்குள் இது வராது என்று கோப்பு திரும்பி வரும் என்பதை அறிவேன். அட்டை வரும் வரை, பழைய கணினி வைத்திருப்போர் தாங்களே விதை ஆய்வாளர்களாக இருக்க வேண்டியதுதான். அவர்களுக்கு ஒரு வார்த்தை: தனி வயர் இல்லாத கணினிக்கு, புதிதாக என்றால் 75 வாட்டுக்குள் அடங்கும் ஆர்டிஎக்ஸ் 3050 ஆறு ஜிபி, பழசு வாங்கினால், வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650. காசை எண்ணிக் கொடுக்கும் முன் கார்டைச் செருகி, ஜிபியு-இசட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விதைநெல்லைக் கையில் அள்ளி ஊதிப் பார்க்காமல் வாங்கியவர் டெல்டாவில் எவரும் இல்லை.

இப்படிக்கு,
பழைய கணினியைத் தரிசு போட மனமில்லாத ஒரு குடிமகன்.