ஷெட்டுக்கு வந்த மூன்றாவது ஒயர்

மதுரைத் திருநகரில் அப்பா வீடு கட்டியபோது ஸ்கூட்டர் ஷெட்டுக்கு ஒரு 40 வாட் பல்பும் ஒரு பிளக் பாயின்ட்டும்தான். அதற்கு ஒயர்மேன் எடுத்துக்கொண்ட சிரத்தை இன்னும் கண்ணில் நிற்கிறது. தேக்கு ரீப்பரைச் சுவரில் அடித்து, அதன்மேல் ஒயரை ஓட்டி, தகரக் கிளிப்பை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே போனார். பாயின்ட்டை முழங்கால் உயரத்தில் வைத்தால் போதும் என்றார் அப்பா. ஒயர்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம் சார், தரையோட தரையாத்தான் கிடக்கும். சுவிட்சு போடுறப்ப ஒரு பொறி தட்டும்ல, அது மேலயே இருக்கட்டும்" என்று நெஞ்சு உயரத்தில் பொருத்தினார். அப்பா அந்த ஷெட்டிலேயே பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுவார் என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார்.

வெளியே எர்த் குழி. ஓட்டை போட்ட ஜி.ஐ. பைப்பை நட்டு, சுற்றிலும் உப்பையும் கரியையும் அடுக்கடுக்காகக் கொட்டி மூடினார். "மண்ணு காஞ்சுபோச்சுன்னா கரண்ட் இறங்காது ஆத்தா" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக, கோடை முழுக்க அப்பத்தா செடிகளுக்கு ஊற்றிய கையோடு அந்தப் பைப்பிலும் தண்ணீர் ஊற்றுவார். பல்பு எரியும்போது அந்த ஷெட்டில் ஓடிய கரண்ட் கால் ஆம்பியர்கூட இல்லை.

இப்போது அங்கே மகனின் எலெக்ட்ரிக் கார் நிற்கிறது. காரோடு வந்த சார்ஜர் 3.3 கிலோவாட். 14 ஆம்பியருக்கு மேல், இரவு முழுக்க இழுக்கும். பழைய பல்பைவிட 80 மடங்குக்கும் அதிகம். ஒயரில் ஏறும் சூடு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அதே ஒயரில் ஓட்டினால் சூடு 6,000 மடங்கைத் தாண்டிவிடும். கீசரைக் கொஞ்ச நேரத்தில் அணைத்துவிடுவோம். கார் அப்படியில்லை. சரியாக முடுக்காத ஒரு ஸ்க்ரூவோ தேய்ந்துபோன ஒரு சாக்கெட்டோ போதும், விடிவதற்குள் பிளக் உருகிவிடும். கால் ஆம்பியருக்குப் பயந்த நாம் 14 ஆம்பியரைத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிட்டுத் தூங்கப் போகிறோம். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கலக்கமாக இருக்கிறது.

வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் வாஷிங் மெஷின் பாயின்ட்டிலிருந்து லைன் எடுத்துக் கொடுத்தார். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் கிடைக்கவில்லை. வீட்டைப் புதுப்பித்தபோது வாசலில் பேவர் பிளாக் பதித்தவர்கள் எர்த் ஒயரை அறுத்து, குழியையும் சேர்த்து மூடியிருந்தார்கள்.

"கவலைப்படாதீங்கம்மா, சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் லூப் அடிச்சுட்டா பச்சை லைட் வந்துரும். நிறைய வீட்ல இப்படித்தான் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"வேணாம் தம்பி. சார்ஜர் ஏமாந்துரும். நியூட்ரல் எங்கயாவது விட்டுப்போனா கார் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிக்குமே. ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு கதவைத் திறக்குறது எம் பேரன்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவரே கடப்பாரை கேட்டார். கல்லைப் பெயர்த்துத் தோண்டினால் பைப் துருப்பிடித்து, தொட்ட இடத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. பக்கத்திலேயே புதுக் குழி போட்டோம். இந்த முறை அதன்மேல் திறந்து பார்க்கிற மாதிரி மூடி வைக்கச் சொன்னேன். வாஷிங் மெஷின் லைனைக் கழற்றிவிட்டு, மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் தனியாக வந்தது. எலி கடிக்காமல் இருக்க ஷெட்டுக்குள் அது கெட்டியான பைப்பில் ஓடுகிறது. 20 ஆம்பியர் எம்சிபி, கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கடையில் முதலில் நீட்டியது 'ஏசி' டைப். கார் சார்ஜரில் டிசி கரண்ட்டும் கசியக்கூடும், அந்த டைப் அப்போது மந்தமாகிவிடும் என்று சொல்லி 'ஏ' டைப் வாங்கினோம். எம்சிபி மட்டும் இருந்தால் போதும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பது ஆர்சிசிபிதான்.

ஷெட் மூலையில் இருந்த இன்வெர்ட்டர் பேட்டரியையும் ஜன்னலோரம் நகர்த்தினோம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும். பெட்ரோல் ஆவி கீழே தங்கும் என்றால் இது மேலே போகும். சுவிட்ச் போர்டு பேட்டரிக்கு நேர் மேலே இருந்தது.

ஷெட் லைட்டும் அந்த ஆர்சிசிபியில்தான் இருந்தது. முதல் மழைக்கே ஆர்சிசிபி டிரிப் ஆகி விழுந்தது. திரும்பத் திரும்ப விழவே, "கழட்டி நேரா குடுத்துரலாமா பாட்டி" என்று பேரன் கெஞ்சினான். எலெக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். லைட்டின் ஹோல்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. மழைத் தண்ணீர் புகாத ஃபிட்டிங் மாற்றியதும் விழுவது நின்றது. விழுகிற ஆர்சிசிபியைக் கழற்றச் சொல்கிறவர்கள் இதை ஒரு தடவை பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை நானே அழுத்திப் பார்க்கிறேன்.

தெருமுனை அடுக்ககத்தில் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கீழே நிற்கும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வரை தொங்குகிறது. மழையிலும் அதை யாரும் எடுப்பதில்லை. அந்த வீட்டுப் பெண்ணிடம் பேசினேன். பார்க்கிங்கில் பாயின்ட் வைக்கச் சங்கம் இன்னும் சம்மதிக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எங்கள் எலெக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.