எச்சாப் பேடு எதுக்குக் கண்ணு?

வா கண்ணு, இப்புடி உக்காரு. எலட்ரானிக் டிரம்முக்கு இன்னும் பேடு வாங்கோணும்னு துள்றியாமா? வாங்கு, ஆரு வேண்டாங்கறா? இருக்கற நாலு பேடுல தாளம் நிக்குதா, ஓடுதான்னு நான் கேக்கமாட்டேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாமே, அந்தக் கதையும் சொல்லமாட்டேன்.

காச எடுக்கறதுக்கு முன்னால, பேடையெல்லாம் சொருகற அந்த மாட்யூல் பொட்டியோட முதுகப் பாத்தியா? அலெசிஸ் நைட்ரோவுல டாம் 4, கிராஷ் 2ன்னு ரெண்டு ஓட்டை சும்மா கெடக்குது. ரோலண்டு டிடி-17ல கிராஷ் 2, ஆக்ஸ்னு ரெண்டு. இருக்கற ஓட்டை ரெண்டு. நீ நாலு பேடு வாங்கியாந்தா மிச்சத்த எங்க சொருகுவே?

நம்மூரு நோம்பிக் கச்சேரில ஆக்டோபேடு பாத்திருப்பியே. ரோலண்டுக்காரன் 1985ல எறக்குன சரக்கு. மொத்தம் எட்டே கட்டம். மொத மொத வந்தப்ப அதுக்குச் சொந்தச் சத்தங்கூடக் கெடையாது, வேற பொட்டியோட கோத்துவுட்டாத்தான் பேசும். பின்னால வந்ததுகளுக்கும் கட்டம் எட்டுத்தான். அத வெச்சுட்டே ஊரையே ஆடவெச்சானுக. உனக்கு மட்டும் பத்தலையாக்கும்!

செரி, வாங்கிட்டே. அடுத்தது ஒயரு. பேடுக்குள்ள பீசோன்னு வட்டமா ஒரு தகடு இருக்குது. அடிச்சா அதிரும், அதிந்தா துளி கரண்டு கக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். நடுவுல ஒரு சத்தம், விளிம்புல ஒரு சத்தம் வேணும்னா ரெண்டு சேதி போகோணும். அதுக்கு ஸ்டீரியோ ஒயரு. பின்னுல கருப்பு வளையம் ரெண்டு இருக்கும். நீ கிட்டாரு ஒயர உருவிச் சொருகுவே, அதுல வளையம் ஒண்ணுதான். விளிம்பு ஊமையாயிரும். ஒடனே பேடு டூப்ளிகேட்டுன்னு கடைக்காரங்கிட்டச் சண்டைக்குப் போவே. ரெண்டு வளையத்த எண்ணிப் பாக்கக் காலேஜு படிக்கோணுமா?

சொருகுனா வேலை முடிஞ்சுதா? சொருகுனது எந்த வகைப் பேடுன்னு பொட்டிக்குச் சொல்லு. சிம்பல்னு நெனச்சுட்டு இருக்கற ஓட்டைல டாம் பேடு போனா அது என்னத்தக் கண்டுது? பொறகு சென்சிட்டிவிட்டி. நீ ஓங்கி அடிக்கறப்ப மீட்டரு உச்சிக்குப் போகோணும், அதுக்கு முன்னாலயே போயி ஒக்காந்துக்கக் கூடாது. மெல்லத் தட்டுனா கேக்கலையா, த்ரெஷோல்ட எறக்கு. அடிக்காமயே கத்துதா, ஏத்து. ஒரு அடிக்கு ரெண்டு சத்தம் வந்தா மாஸ்க் டைமத் துளி கூட்டு. எல்லாத்தையும் ஒரே மூச்சுல திருகிப் போடாத. எதத் திருகுனேன்னு பொறகு உனக்கே தெரியாது, எங்கிட்ட வந்து மூஞ்சிய நீட்டுவே.

டாம அடிச்சா பக்கத்துக் கிராஷு கத்துதா? பேயுமில்ல, பிசாசுமில்ல. கிராஸ்டாக்கு. ரெண்டும் ஒரே கம்பில தொங்குது, ஒண்ணோட அதிர்வு மத்ததுக்கு ஏறுது. கிராஸ்டாக் கேன்சல்னு பொட்டில ஒரு எண்ணு இருக்கும். அதத் தொடறதுக்கு முன்னால கிளாம்ப இறுக்கு. அப்பவும் அடங்கலையா, பேடத் தள்ளி மாட்டு. இதுக்கு ஒரு பைசாச் செலவில்ல. அதனாலயே உனக்குப் புடிக்காது.

அதே மாதிரி அதிர்வுதான் கிக் பெடலு வழியாத் தரையில எறங்கிக் கீழ்வீட்டுக்காரரு தலைமேல விழுகுது. நீ காதுல ஹெட்போன மாட்டிட்டு, ஒலகத்துக்கே தெரியாமக் கச்சேரி பண்றதா நெனச்சுக்கற. அவரு வந்து கதவத் தட்டுனா போயித் தொற சாமி. அது எந்தப் பேடோட சத்தம்னு பொட்டியத் திருகிட்டு உக்காந்திராத.