பனையேறி மீனும் பரங்கித் துரையும்

தண்டையார்பேட்டையில் எவனாவது வந்து, "நைனா, பனமரத்துல மீன் புடிச்சேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். டீக்கடை மொத்தமும் திரும்பும். "காலங்காத்தால பீலா உடாத" என்பார் ஒருவர். "சரக்கு எந்தக் கடை?" என்று இன்னொருவர் அக்கறையாக விசாரிப்பார். அத்தோடு மீனும் செத்தது, கதையும் செத்தது.

இதே கதையைத் தரங்கம்பாடியில் ஒரு துரை சொன்னார். லண்டனில் அச்சுப் போட்டார்கள்.

வருஷம் 1791, நவம்பர் மாதம். தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டிக்கொண்ட கோஷ்டி அது. அவர்களுடைய பட்டாளத்தில் டால்டார்ஃப் என்று ஒரு லெப்டினன்ட். பூச்சி பிடிப்பதில் தீராத மோகம் கொண்டவர். அன்றைக்குப் பூச்சிக்குப் பதில் மீன் மாட்டியது, அதுவும் மரத்தில். குளத்தங்கரைப் பனையின் பட்டை வெடிப்பில், தண்ணீருக்கு 5 அடி மேலே தொற்றிக்கொண்டிருந்ததாம். சும்மாவும் இருக்கவில்லை. செவுள் மூடியை விரித்து அதன் முட்களைப் பட்டையில் மாட்டி, வாலை வளைத்து, அடித்துடுப்பின் முள்ளை ஊன்றி, மறுபடி செவுளை மேலே மாட்டி, இப்படியே ஏறிக்கொண்டிருந்தது என்கிறார் துரை. தளைநார் கிடையாது, அரிவாள் கிடையாது, கூலியும் கேட்கவில்லை.

இந்தச் சேதி ஜோசப் பேங்க்ஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் கைக்குப் போய், 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வந்தது. "சரக்கு எந்தக் கடை?" என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

துணைக்குச் சாட்சியும் கிடைத்தது. அதே ஊரில் இருந்த ஜான் என்ற பாதிரியார், மழை பெய்யும்போது மரத்தில் வழியும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இது ஏறும், ஊர்க்காரர்களே இதைப் பனையேறி என்றுதான் சொல்கிறார்கள் என்று எழுதினார். ஆக, நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அதற்கும் முன்னால், 851-ஐ ஒட்டி எழுதப்பட்ட அரபு வணிகர்களின் குறிப்பில் வேறொரு மீன் வருகிறது. அது கடலிலிருந்து கிளம்பித் தென்னையில் ஏறும், மரத்தின் சாற்றைக் குடிக்கும், குடித்துவிட்டுக் கடலுக்கே திரும்பிவிடும். அந்த மீனுக்காவது ஏறுவதற்கு நியாயமான காரணம் இருந்தது. தரங்கம்பாடி மீன் எதற்கு ஏறியது என்பதைத் துரை விசாரிக்கவில்லை.

சரி, அத்தனையும் புளுகா? அதுதான் இல்லை. பனையேறிக் கெண்டை நிஜமான மீன். விஞ்ஞானிகள் அதை அனபாஸ் என்பார்கள். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருப்பதால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் தரையில் உயிரோடு கிடக்கும். மழைக்காலத்தில் செவுள் முட்களை ஊன்றி ஊன்றி, ஒரு குட்டையை விட்டு இன்னொரு குட்டைக்கு நடையைக் கட்டும். இதைவிட வேடிக்கை, காற்று வாங்க மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீனாகப் பிறந்துவிட்டு நீரில் மூழ்கிச் சாவது எப்பேர்ப்பட்ட விதி!

தரையில் நடப்பது மெய். பனையில் ஏறியது? நூறு வருஷத்துக்கு மேல் பெரிய மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1927-இல் பி. கே. தாஸ் என்ற நம் நாட்டு ஆய்வாளர் விடை சொன்னார். கரையில் ஊர்ந்துபோகும் மீனைக் காக்கையோ பருந்தோ கொத்திக்கொண்டு போய் மரத்தில் போடுகிறது. லேசில் சாகாத மீன், விழுந்த இடத்தில் கிடந்து முள்ளைக் குத்தித் துள்ளுகிறது. கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது மரமேறுவதாகத் தெரிகிறது.

காசிமேட்டு ஏலத்தில் கூடையைக் காக்கையிடமிருந்து காப்பாற்றுவதே பாதி வேலையாக இருக்கும் எந்த மீன்காரம்மாவிடம் கேட்டிருந்தாலும், "காக்கா தூக்கினு போயிருக்கும், போ சாமி" என்று அரை நிமிஷத்தில் முடித்திருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை. அவருக்கு லண்டனில் சங்கமும் இல்லை.

துரை மரத்தில் மீனைப் பார்த்தது மெய், அது தானாக ஏறியது என்றதுதான் பிசகு. ஆகவே, இனி யாராவது நம்பமுடியாத மீன் கதை சொன்னால் சட்டென்று பீலா என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் காக்கை இருந்ததா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.