பொறந்தநாள் கொண்டாடுற நாய்

ஏலே பேராண்டி, இப்பிடி உக்காரு. நாய்க்குப் பொறந்தநாளாமே? தலையில கூம்புத் தொப்பி, முன்னால சாக்லேட்டு கேக்கு. மெழுகுவத்திய ஊதுனது அதுவா, நீயா? நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வைக்கிறத நாங்க சொலவடையாத்தான் சொன்னோம். நீங்க செஞ்சே காட்டிட்டீக.

ஊட்டுனியே கேக்கு, அதுல என்ன இருக்கு தெரியுமா? கோகோவுல தியோபுரோமின்னு ஒரு சரக்கு உண்டு. உன் உடம்புல ஏழெட்டு மணி நேரத்துல பாதி கழிஞ்சிரும். நாய்க்குப் பாதி கழியவே 17 மணி நேரம் ஆவும். அதனால வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, மிஞ்சுனா வலிப்பு. கறுப்பா, கசப்பா, வெலை கூடுன சாக்லேட்டு இருக்கே, அதுலதான் இந்த விசமும் கூட. பவுசு காட்டுனவனுக்குத்தான் ஆசுபத்திரிச் செலவும் சாஸ்தி.

சரி, பாயசம் ஊத்துதேன்னு கெளம்பாத. அதுல மெதக்குதே கிஸ்மிஸ், அது நாயோட சிறுநீரகத்தையே படுக்க வச்சிரும். எத்தனை தின்னா ஆவும்னு அளவு கேக்குறியா? ஒரு நாயி கை நெறையத் தின்னுட்டு வாலாட்டும், இன்னொண்ணு கொஞ்சத்துலயே சுருண்டுரும். ஏன்னு தெரியாம டாக்டருமாரே வருசக்கணக்கா முழிச்சாக. இப்ப திராட்சையில உள்ள டார்டாரிக் அமிலத்து மேல சந்தேகப்படுதாக. அது வேற எதுல கெடக்கு தெரியுமா? நம்ம புளியில! மிஞ்சுன புளியோதரையப் பெருமாள் பிரசாதம்னு வச்சியே, நாயி நேரா வைகுண்டம் போறதுக்கா?

வெங்காயம், பூண்டு சங்கதி இன்னும் கள்ளத்தனம். வேக வச்சாலும் வறுத்தாலும் அதோட குணம் போவாது. ரத்தத்துல செவப்பணுவ ஒடைக்கும். அன்னிக்கே தெரியாதுலே. நாலு நாள் கழிச்சு ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பித் தண்ணியாப் போவும். பிரியாணிச் சட்டிய வழிச்சுப் போட்டத அதுக்குள்ள நீ மறந்திருப்ப. 'செல்லம் சோகமா இருக்கு'ன்னு போட்டோ போட்டுக்கிட்டிருப்ப.

நீ வேற பத்தியமாமே? சர்க்கரையில்லா சூயிங்கம் மெல்லுதியே, அதுல சைலிட்டால் இருந்து நாயி கவ்விட்டா, அரைமணியில அதோட ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிரும்.

'உங்க காலத்துல எல்லாத்தையும் போட்டீகளே தாத்தா, ஒண்ணும் ஆவலியே'ன்னு கேப்ப. எங்க காலத்துல கிஸ்மிஸ் ஏதுடே? சிப்பிப்பாறை நாய்க்குக் கூழும் மோரும் ஊத்துனோம். அதுலயும் செத்தது செத்துச்சு. ஏன் செத்துச்சுன்னு எவன் பாத்தான்? பாம்பு தீண்டியிருக்கும்னு சொல்லிட்டு அடுத்த குட்டியத் தேடிப் போனோம். இதுல பழம்பெருமை வேற.

சோறு, மசாலா சேக்காம வேக வச்ச கோழிக்கறி, எலும்ப எடுத்துட்டு. அம்புட்டுத்தான் அதுக்கு விருந்து. ஏடாகூடமாத் தின்னுட்டா உப்புத்தண்ணி ஊத்தி வாந்தியெடுக்க வைக்காத, அதுவே தனி விசம். கால்நடை டாக்டர்கிட்ட ஓடு. கேக்கு அட்டையக் கையோட எடுத்துக்கோ. கோகோ எம்புட்டுன்னு அவரு அதுலதான் பாப்பாரு, உன் இன்ஸ்டாகிராம்ல இல்ல.