கரைவலையும் அமெச்சூர் இலக்கணமும்: எத்தாளைக் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

கற்பிட்டித் தீபகற்பத்தில், கிழக்கே புத்தளம் களப்பும் மேற்கே பெருங்கடலும் நெருக்க நடுவே கிடக்கும் மணற்பாங்கான ஊர்களில் ஒன்று எத்தாளை. அங்கே அமெச்சூர் என்று சொல்லத்தக்கவர் எவரேனும் உளரா என்பதே இவ்வாய்வின் பொருள். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் ஆய்வு மரபு அறியாதவர்கள். அவர்களுக்கு விடை கூற வேண்டிய கடப்பாடு நமக்கில்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாத கட்டுரையை எந்தக் கருத்தரங்கிலும் உள்ளே விடமாட்டார்கள். இலத்தீனில் ‘அமாத்தோர்’ என்றால் காதலிப்பவன். அது பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் ஏறி, நம் கரைக்கு அமெச்சூராக வந்திறங்கியது. கத்துக்குட்டி என்ற நம்முடைய சொல்லும் உண்டே எனின், அற்றன்று. அது திறமையைப் பற்றிய வசை. அமெச்சூரோ பணத்தைப் பற்றியது. காதலில் எப்போது பணம் புகுந்தது என்பதுதான் இங்கே எழும் வினா.

சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, படித்தவர்கள் கூலி வாங்காமல் நடித்தார்கள். கூலிக்கு ஆடியவன் கூத்தாடி. சும்மா ஆடிய வக்கீல் கலைஞர். அரிதாரம் இருவருக்கும் ஒன்றுதான்.

இலக்கணத்தைத் தெளிவாக எழுதிவைத்த பெருமை மட்டும் இங்கிலாந்துக்காரர்களையே சாரும். தேம்ஸ் ஆற்றில் ஹென்லி படகுப் போட்டியை நடத்திவந்தவர்கள் 1879இல் ஒரு விதி செய்தார்கள். கூலிக்கு உடலுழைப்பு செய்கிறவனும், முன்பு எப்போதாவது செய்தவனும் அமெச்சூர் ஆகான். படகு வலித்துக் காசு வாங்கியிருக்க வேண்டுமென்பதில்லை. கம்மாலையில் சம்மட்டி பிடித்திருந்தாலே போதும். காரணமும் சொல்லப்பட்டது. உடலுழைப்பாளிக்குத் தோள் வலிமை அதிகமாம். கனவான்களோடு அவனைப் போட்டிக்கு விடுவது அநியாயமாம். உழைத்து உரமேறிய தோளையே குற்றமாக்கிய இந்தத் தருக்கத்தைக் கண்டு வியக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த விதியில் அகப்பட்டவர்களுள் தலையாயவர் பிலடெல்பியாவின் ஜான் கெல்லி. இளமையில் செங்கல் அடுக்கும் கொத்தனாராக இருந்தவர். 1920இல் ஹென்லி அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. அவருடைய படகுக் கழகத்தின்மேல் இருந்த பழைய தடையும் ஒரு காரணம் என்பார் ஒரு சாரார், அதுவும் உண்மையே. அதே ஆண்டு அன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் வென்றுவந்த ஆங்கிலேயரைத் தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார் கொத்தனார். 1936இல் அவுஸ்திரேலியப் படகணி போய் நின்றது. எட்டுப் பேரும் பொலிஸ்காரர்கள். பொலிஸ் வேலையும் உடலுழைப்பே என்று கண்டு அவர்களையும் தடுத்தார்கள். மறு ஆண்டு விதி நீக்கப்பட்டது. (செங்கல் பிடித்த தகப்பனின் மகள் கிரேஸ் கெல்லி பிற்பாடு மொனாக்கோவின் இளவரசியானார். இது ஆய்வுக்குப் புறம்பு. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

இனி எத்தாளைக்கு வருவோம். ஹென்லி விதியைக் கையில் வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்தால் முதற்பார்வையிலேயே ஊர் முழுவதும் அடிபட்டுப் போகிறது. தோணி வலிக்கத் தெரிந்த எவனும் கூலிக்கு வலித்தவன். தோணி பிடிக்காதவன் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவன். அதுவும் இல்லையென்றால் கருவாடு காயவைத்தவன்.

கடைசிச் சோதனை கரைவலை. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போய், அரைவட்டமாக வலையை வளைத்து, மறு கயிற்றைத் தள்ளி வேறோர் இடத்தில் கொண்டுவந்து கொடுக்கும். இரண்டு கூட்டமாகப் பிரிந்து இழுப்பார்கள். இடுப்பில் கட்டிய துண்டுக் கயிற்றைப் பெருங்கயிற்றில் கொளுவிப் பின்னோக்கி நடப்பதும், மேட்டுக்குப் போனவன் கழற்றிக்கொண்டு ஓடிவந்து மறுபடி தண்ணீரோரம் கொளுவுவதுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். மீன் சேரும் வலைமடி கரைக்கு வர வர இரண்டு கூட்டமும் நெருங்கிவிடும். (சில கரைகளில் இப்போது உழவு இயந்திரம் இழுக்கிறது. உழவு இயந்திரத்தின் தகுதி தனிக் கட்டுரைக்கு உரியது.) இந்நேரம் பார்த்து வேடிக்கை பார்க்க வந்து நிற்பவனைக் கிழவர் ஒருவர் விடமாட்டார்: “நிண்டு பாத்தது போதும் மகன், கயித்தப் புடிங்க.”

அவனும் பிடிக்கிறான். ஆசைக்குப் பிடிக்கிறான், வலைக்காரச் சம்மாட்டியிடம் கூலிப் பேச்சு எதுவும் இல்லை. இலத்தீன் இலக்கணப்படி சுத்த அமெச்சூர். ஆனால் மடி பிரித்ததும் “கறிக்கு” என்று ஒரு கை மீனைப் பையில் போட்டுவிடுகிறார்கள். இங்கேதான் சிக்கல். இதற்கு முன்தீர்ப்பு உண்டு. 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லன், டெகத்லன் இரண்டிலும் தங்கம் வென்றவர் அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப். அதற்கு முன் இரண்டு கோடைகளில் பேஸ்போல் ஆடிச் சில்லறைக் காசு வாங்கியிருந்தார் என்று 1913இல் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். அந்த 1912 போட்டியில் அவரோடு ஓடித் தோற்றவர் ஏவரி பிரண்டேஜ். இவரே பின்னாளில் இருபது ஆண்டுகள் ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்து அமெச்சூர் தர்மத்தைக் காத்தவர். தோர்ப்பின் பதக்கம் அவர் காலத்தில் திரும்பவில்லை. தோர்ப் 1953இல் இறந்தார். குழு மனமிரங்கியது 1982இல். தனி வெற்றியாளர் அவரே என்று முழுமையாக ஒப்புக்கொண்டது 2022இல். சில்லறைக்கே இந்தப் பாடு என்றால், ஒரு கை சாளை மீனுக்கு எத்தனை ஆண்டு என்று கணக்குப் போடத் துணிவில்லை.

எத்தாளைக்கு வெளியிலிருந்து வருகிறவர்களைப் பார்ப்போமா? சோளகக் காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மேற்குக் கரையில் தோணிகள் மணலில் ஏறிவிடும். அந்தக் காற்றையே தேடி வெளிநாட்டார் வருகிறார்கள். பெரிய பட்டமொன்றை உடலோடு கட்டிக்கொண்டு, பலகையில் நின்று தண்ணீர்மேல் பறப்பதற்கு. தொழில்காரனைக் கரையில் குந்தவைக்கும் காற்றே அமெச்சூரைக் கூட்டிவருகிறது. அவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. பணம் கொடுத்து விழுகிறார்கள். ஆகவே அமெச்சூர் என முடிவு கட்டப் போகையில், அவர்களுள் ஒருவர் ஊரில் தச்சுவேலை செய்கிறவராக இருந்துவிட்டால் ஹென்லி விதி மறுபடி குறுக்கே நிற்கிறது. பட்டத்தைப் பிடித்துக் கற்றுக்கொடுக்கும் உள்ளூர்ப் பையன்களோ சம்பளக்காரர்கள்.

எஞ்சுவன கழுதைகள். கற்பிட்டிப் பக்கம் கட்டாக்காலியாகத் திரியும் இவை எவரிடமும் கூலி வாங்குவதில்லை, எந்தப் பொதியும் சுமப்பதில்லை, வீதியின் நடுவே நிற்பதை முழுக்க முழுக்க விருப்பத்தின் பேரிலேயே செய்கின்றன. இவற்றின் முன்னோர் பொதி சுமந்தவை ஆயிற்றே எனின், 1879ஆம் ஆண்டு விதி உழைத்தவனையே விலக்கிற்று. உழைத்தவனின் பேரனை விலக்கவில்லை. கெல்லியின் மகனும் 1947இல், விதி போன பிறகுதான் என்றாலும், ஹென்லியில் வென்றார். ஆகவே கழுதைகளுக்குத் தடையில்லை. விண்ணப்பப் படிவத்தில் யார் கையொப்பமிடுவது என்பது மட்டும் பாக்கி.